விட்ட மருந்தைத் தொட்டதும் கொட்டுதே முடி!

மாலை 6 மணி. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில். எழும்பூரில் ஏறிய நண்பர் ஒருவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்தார். கைக்குட்டையில் ஏழெட்டு முடி! மனுஷர் முகம் சுருங்கிப் போச்சு.

"நாலு மாசம் மருந்தை விட்டேன் சார். முன்பக்கம் காலி. மறுபடி ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. இப்போ முன்னைவிட அதிகமா கொட்டுது. பாட்டிலைத் தூக்கிக் கூவத்துல போட்டுடலாமான்னு இருக்கு" என்றார்.

நண்பர் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. வயது 34. தங்கை கல்யாணச் செலவு கழுத்தைப் பிடித்தபோது முதலில் நிறுத்தியது தன் தலைக்கான மருந்தைத்தான். தங்கை புகுந்த வீடு போயாச்சு. இப்போது இவருக்குப் பெண் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

இவரைப் போல எத்தனையோ பேர்! விடுவார்கள், தொடுவார்கள், மறுபடி விடுவார்கள். பணமும் போகும், முடியும் போகும். விஷயம் தெரியாததுதான் காரணம். தெரிந்தவர்களும் சொல்வதில்லை என்பதுதான் நம் குறை.

ரத்தக் கொதிப்பு மருந்து!

நண்பர் தடவுவது மினாக்சிடில். இது தலைக்கென்று பிறந்த மருந்தே அல்ல. ரத்தக் கொதிப்புக்கு வந்தது! 1979-ம் ஆண்டு அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்குக் கொதிப்பு இறங்கியது. கூடவே கையிலும் முகத்திலும் முடி முளைத்தது! பார்த்தார்கள் கம்பெனிக்காரர்கள். அதையே தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988-ம் ஆண்டு ஆண்களின் வழுக்கைக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

முடிக்கு ஒரு சுற்று உண்டு. சில ஆண்டுகள் வளரும். சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும். பிறகு உதிரும். அதே இடத்தில் புது முடி வரும். பரம்பரை வழுக்கையில் இந்த வளரும் காலம் குறைந்துகொண்டே போகும். வேர் சுருங்கி, நல்ல முடி பூனைமுடியாகிவிடும். மினாக்சிடில் வளரும் காலத்தை இழுத்துப் பிடிக்கிறது. அவ்வளவுதான். வழுக்கைக்கான காரணத்தை அது தொடுவதில்லை.

சாயும் சுவருக்குக் கம்பை முட்டுக் கொடுத்த மாதிரி. கம்பை எடுத்தால் சுவர் நிற்குமா? மருந்தை விட்டால் மூன்று நான்கு மாதத்தில், அது பிடித்து வைத்திருந்த முடியெல்லாம் போய்விடும். "மருந்து போட்டதால்தான் வழுக்கை விழுந்தது" என்று சிலர் திட்டுகிறார்கள். அது தவறு. மருந்தே போடாமல் இருந்தால் எந்த நிலைக்கு வந்திருப்பாரோ, அந்த நிலைக்குத்தான் வருகிறார்.

ஏன் கொட்டுது?

சரி, திரும்ப ஆரம்பித்ததும் ஏன் இன்னும் கொட்டுகிறது? ஓய்வில் இருக்கும் பழைய முடிகளை மருந்து தள்ளிவிடுகிறது. அந்த இடத்தில் புது முடி கிளம்புகிறது. பஸ்ஸில் பழைய ஆள் இறங்கினால்தானே புது ஆள் ஏற முடியும்? முதல் முறை ஆரம்பித்தபோது நடந்த அதே கூத்து, இரண்டாம் முறையும் நடக்கலாம். சில வாரங்களில் அடங்கிவிடும். இந்த நேரத்தில் பயந்து பாட்டிலை எறிகிறவர், பழைய முடியையும் இழக்கிறார், புது முடியையும் பார்க்காமல் போகிறார். இரண்டு மாதம் தாண்டியும் கொட்டினால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகத் தடவுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்! ரத்தத்தில் கலந்தால் தலைச்சுற்றல், படபடப்பு வரலாம். கொதிப்பு மருந்து என்பதை மறக்காதீர்கள். 5 சதவீதத் திரவம் என்றால் ஆண்களுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. காய்ந்த தலையில் தடவ வேண்டும். தடவியதும் கையைக் கழுவ வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மருந்து அதன் மேல் படக்கூடாது. பூனைக்கு அது விஷம்! அலமாரியில் கிடந்த பழைய பாட்டில் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

அரிப்பு தாங்காமல் நிறுத்தியவர்களும் உண்டு. பெரும்பாலும் திரவத்தில் கலந்திருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் அரிப்பைக் கிளப்பும். நுரையாக வரும் வகையில் அது இல்லை. டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இதய நோய் உள்ளவர்கள், கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. பினாஸ்டிரைடு மாத்திரையை விட்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் மறுபடி தொடக் கூடாது.

காய்ச்சலுக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு விஷயம். அது பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். அதற்குப் பாட்டில் வாங்கி ஏமாறாதீர்கள்.

போனதெல்லாம் திரும்புமா? நான்கு மாதமாவது போனால்தான் கொஞ்சம் தெரியும். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டவருக்கு, சுருங்கிய வேரெல்லாம் விழித்துக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தினமும் சீப்பில் எண்ணி எண்ணிச் சாகாதீர்கள். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் பாருங்கள். போதும்.

கடைக்காரர்களே!

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பாட்டிலை நீட்டும்போதே, "சார், இது போடுகிற வரைக்கும்தான், விட்டால் போய்விடும்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வழுக்கையைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் மார்தட்டக் கூடாது என்றுதான், 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' பட்டியலில் வழுக்கையையும் சேர்த்தார்கள். "மூணே மாசத்துல காடு மாதிரி வளரும்" என்று சொல்லி விற்பவர், மாதச் சம்பளக்காரன் பையில் கை வைக்கிறார் என்றுதான் சொல்வோம்.

வாங்குகிறவர்களும் கணக்குப் போட வேண்டும். பால் கணக்கு, மளிகைக் கணக்கு மாதிரி இதுவும் மாதா மாதம் வரும் செலவு. வருஷக் கணக்கில் கட்ட முடியுமா? தினமும் மறக்காமல் போட முடியுமா? முடியும் என்றால் தாராளமாக மறுபடி ஆரம்பியுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. வழுக்கையால் யாரும் செத்ததில்லை. கடன் வாங்கி முடி வளர்க்க வேண்டியதும் இல்லை.

ரயில் கிண்டியில் நின்றது. நண்பர் பாட்டிலை டிபன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆறு மாசம் விடாம போட்டுப் பார்க்கிறேன் சார். ஆனா பொண்ணு வீட்டுல இப்பவே சொல்லிடப் போறேன். இருக்கிற முடி இதுதான், நாளைக்கு இதுவும் இருக்கும்னு சொல்ல முடியாதுன்னு!"

அப்படிச் சொல்கிற மாப்பிள்ளையை வேண்டாம் என்கிற வீடு, நல்ல மாப்பிள்ளையை இழக்கிறது. அவ்வளவுதான்!