பெயரும் இடமும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். இன்று அளப்பதற்குக் குறைவில்லை. அளந்ததை எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பதில்தான் கவனம் போதவில்லை. கணிப்பொறி கொண்டு புள்ளிவிவரங்களை ஆராய முற்படும் நாம் முதலில் கற்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து.

'பைத்தான்' மொழியில் 'பாண்டாஸ்' என்றொரு கருவித் தொகுப்பு உண்டு. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-இல் எழுதத் தொடங்கியது அது. அதில் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் சூட்டலாம். அப்பெயர் எந்த இடத்தில் உள்ளது என்று 'கெட்_லாக்' என்னும் கட்டளையைக் கேட்கலாம். விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று எழுதித் திண்டிவனத்தைக் கேட்டால் 2 என்று விடை வரும். எண்ணிக்கை சுழியில் தொடங்குவதே காரணம். பெயர் இல்லாவிட்டால் பிழை என்று கூறி நின்றுவிடும். நல்ல குணம்!

பல பெயர்களை ஒரே சமயத்தில் தேடும் 'கெட்_இண்டெக்சர்' அப்படியன்று. இல்லாத பெயருக்கு -1 என்று விடை தந்துவிட்டு மேலே சென்றுவிடும். பைத்தானிலோ -1-ஆம் இடம் என்றால் கடைசி வரி! சோதிக்காமல் அந்த இடத்து மதிப்பை எடுத்தால், இல்லாத ஊருக்குக் கடைசி ஊரின் கணக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது.

பெயர் எப்படி இல்லாமற் போகும்? நம் ஊரையே பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆங்கில ஏடுகளில் விழுப்புரத்துக்கு 'எல்' ஒன்று, 'பி' இரண்டு; ரயில்வே எழுதுவதிலோ 'எல்' இரண்டு, 'பி' ஒன்று. நமக்கு ஒரே ஊர், கணிப்பொறிக்கு இரண்டு. பெயர் பொருந்தினாலும் பொருள் மாறலாம். 2011-இல் சுமார் 34 லட்சத்து 58 ஆயிரம் பேர் வாழ்ந்த விழுப்புரம் மாவட்டத்தில் கள்ளக்குறிச்சியும் அடக்கம். 2019-இல் அது தனி மாவட்டமாயிற்று.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்களா? 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய கணக்கில் ஓர் ஊரின் எண் இன்னோர் ஊருக்குப் போனால், முதல் உதவி யாருக்கு என்பதே மாறிவிடும் அன்றோ? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டியலில் இல்லை என்றால் மறுபேச்சின்றித் திரும்பி வரும் மனிதர்களை நன்கறிவேன். அவர்களால் நிரலைப் படித்துப் பிழை காண இயலாது. நாம்தான் காண வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பர் சிலர். -1 வந்ததா என்று பார்க்க ஒரு வரி போதும், நண்பர்களே! ஊர்ப் பெயருடன் கணக்கெடுப்புத் துறை தந்துள்ள குறியெண்ணையும் சேர்த்து வைத்தால் எழுத்துக்கூட்டல் குழப்பமும் தீரும். செய்முறைத் தேர்வில் விடைக்கு மட்டுமன்றி, இச்சோதனைக்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்கலாமே என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.