‘வண்டிக்கு வயசாச்சு சார்’ என்பது ஒரு பழுதா?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பழைய கார் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வண்டி நிற்கும்போது இன்ஜின் குலுங்குகிறது, ஐந்தாறு துடிப்புக்கு ஒன்று விட்டுப்போகிறது என்று பட்டறையில் போய்ச் சொல்வோம். போனட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்: “வண்டிக்கு வயசாச்சு சார். கொடுத்துட்டு வேற எடுத்துடுங்க.”

வயசு ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல மெக்கானிக் வேண்டாம். நான் கேட்டது எந்த சிலிண்டர் எரியவில்லை, ஏன் எரியவில்லை என்று. அதற்குப் பதில் தெரியாதபோது சொல்லும் சால்ஜாப்புதான் வயசு. முட்டிவலி என்று போனால் சில டாக்டர்கள் நம்மையும் இப்படித்தான் அனுப்பிவைக்கிறார்கள். வலிக்காத முட்டிக்கும் அதே வயசுதானே என்று கேட்டால் அவர்களிடம் பதில் கிடையாது. மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர். மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் காரணம் வயசாக எப்படி இருக்கும்?

இது வீண் பிடிவாதம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். இங்கே எழுபதைக் கடந்த இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சை அடைத்தால் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ போவதற்கு அந்தக் கார்தான். அதை விற்றால் கிடைக்கும் காசில் ஒரு நல்ல ஸ்கூட்டர்கூட வராது. புதுக் கார் வாங்க பென்ஷன் போதாது. ஆகவே இந்த வாக்கியத்தைச் சும்மா விட்டுவிட எனக்கு மனமில்லை.

அரசாங்கமும் இதில் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. 15 வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ஆனது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2021-இல் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கைகூட, தனியார் காரை வயசுக்காகக் கழிக்கச் சொல்லவில்லை. தகுதிச் சோதனையில் தோற்றால்தான் கழிவு. டெல்லியின் கதை வேறு. டி.என். 16, டி.என். 32 வண்டிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. சர்க்காரே சோதித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்கிறது. பட்டறைக்காரர் பார்க்காமலே சொல்கிறார்.

நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் இந்த இன்ஜின் விக்கலுக்கு ‘ராத்தே’ என்று பெயர். வாழ்க்கையில் தேறாமல் போன மனிதனையும் அதே சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். எங்கள் வாத்தியார்கள் தெக்கார்த்தைச் சொல்லிச் சொல்லியே எங்களைப் படுத்தினார்கள். 1637-இல் அவர் எழுதிய நூலில் யோசிப்பதற்கு நான்கு விதிகள் கொடுத்திருக்கிறார். சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளியதிலிருந்து கடினமானதற்குப் போ என்பவை அவற்றில் இரண்டு. பிற்பாடு கார் ரிப்பேருக்குத்தான் அவை எனக்கு அதிகம் பயன்பட்டன. ஆபீசில் அவ்வளவு உதவவில்லை.

பிரித்துப் பார்த்தால் விஷயம் சின்னதுதான். ஒரு சிலிண்டர் எரிய மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், சரியான நேரத்தில் பொறி, கசியாத அமுக்கம். நின்றபடி ஓடும் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஆக ஒன்று 450 முறை, மூன்றும் சேர்ந்து 1,350 முறை. மூன்று சிலிண்டர் இன்ஜின் புதிதாக இருந்தபோதே இலேசாக ஆடும். அது அதன் பிறவிக் குணம், தாளம் தப்பாத ஆட்டம். தாளம் தப்பினால்தான் கவலை.

எங்கே பழுது என்பதைக் கண்டுபிடிக்கும் முதல் கேள்வி ‘எப்போது?’ என்பது. இதை எந்தப் பட்டறையிலாவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?

நிற்கும்போது மட்டும் குலுங்கி, ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் சீராகிவிட்டால், எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போதுதான் இன்டேக் மேனிஃபோல்டில் இழுவை மிக அதிகம். அதனால் வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாக வரும் காற்று அப்போதுதான் கலவையைக் கெடுக்கும். வேகம் கூடினால் அந்தக் கொஞ்சம் காற்று பெரிதாகத் தெரியாது. சோக் குமிழ் உள்ள வண்டியில் அதை இலேசாக இழுத்துப் பாருங்கள். குலுக்கல் அடங்கினால் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள்.

நிற்கும்போது ஒழுங்காக ஓடி, மேம்பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுத்தால் பொறியில்தான் முதலில் சந்தேகம். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. மின்சாரம் சுலபமான வழியைத் தேடி, விரிசல் விட்ட பிளக் ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ இறங்கிவிடும். ஐப்பசி மழையில் மட்டும் விக்குகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போனட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் நீல நிறத்தில் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும்.

எந்த வேகத்திலும் ஒரே சிலிண்டர் செத்துக் கிடந்தால், பிளக்கை மாற்றியும் பலன் இல்லையென்றால், அமுக்கத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஏறினால் பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் ‘ஓவராலிங் பண்ணணும்’ என்பவரிடம் இன்ஜினைக் கழற்றக் கொடுக்காதீர்கள்.

எந்த சிலிண்டர் என்று அறிய, ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் நோயாளி. ஆனால் அந்த ஒயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்கள் பக்கத்திலேயே போகவேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இதை நீட்டவும் கூடாது. எரியாத பெட்ரோல் அங்கே போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும்.

கலெக்டர் ஆபீசில் எங்களுக்கு ஒரு டிரைவர் அண்ணன் இருந்தார். அம்பாசிடர் கார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜின் மேல் ஊன்றி, டாக்டர் மாதிரி இடம் மாற்றி மாற்றிக் கேட்பார். டேப்பெட் சத்தம் இன்ஜின் சுற்றில் பாதி வேகத்தில் ‘டிக் டிக்’ என்று இருக்கும், அடியிலிருந்து வரும் கனத்த சத்தம் வேறு என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் செக்‌ஷனில் வந்து வீணாய்ப்போன படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போவார். அதைக் கிழித்து சைலன்சர் வாயில் பிடிப்பார். காகிதம் சீராக வெளியே தள்ளப்பட்டால் சரி. இடையிடையே உள்பக்கம் உறிஞ்சப்பட்டால், “எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கு தம்பி” என்பார். செலவு ஒரு படிவம். இன்றைக்குக் கையில் ஸ்கேனர் வைத்திருக்கும் பையன்கள் எத்தனை பேர் சைலன்சர் பக்கம் குனிகிறார்கள்?

ஸ்கேனரை நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் புதிய வண்டிகளில் அது நல்ல உதவி. பி-0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர் விக்குகிறது என்று அர்த்தம். அதோடு அதன் வேலை முடிந்தது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அது சொல்லாது. பிளக்கை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டிப்பாருங்கள். கோடு 0302 ஆனால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து காயிலை இடம் மாற்றலாம். காசு செலவில்லாத சோதனை. இதைச் செய்யாமல் மூன்றையும் வாங்கிப் போட்டுவிடுவது அவர்களுக்குச் சுலபம், ஏனென்றால் பில் நம்முடையது.

திண்டிவனத்தில் என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய கார்புரேட்டர் மாருதி நிற்கும்போது மட்டும் குலுங்கியது. ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், முதலில் பிளக், பிறகு ஒயர் செட், பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்ப் என்று நான்கு முறை போய் வந்ததில் 11,000 ரூபாய்க்கு மேல் ஆனது. குலுக்கல் அப்படியே இருந்தது. ஐந்தாம் முறை அந்த வாக்கியம் வந்தது: வயசாச்சு சார். மனுஷன் பாதி விலைக்குத் தள்ளிவிடத் தயாராகிவிட்டார். கடைசியில் மயிலம் ரோட்டுப் பக்கம் டூவீலர் பார்க்கும் ஒரு பெரியவர், ‘எப்போ சார் ஆடுது?’ என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, ஓடும் இன்ஜினின் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் அழுத்தியதும் குலுக்கல் நின்றது. மேனிஃபோல்டில் ஒரு முனையை மூடியிருந்த ரப்பர் தொப்பி, விரல்நுனி அளவு, வெடித்திருந்தது. அது நிற்கும்போது மட்டும் வரும் பழுது என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்கு முறையும் யாரும் காதில் வாங்கவில்லை.

கழற்றிய பிளக்கையும் இப்போது யாரும் பார்ப்பதில்லை, நேரே குப்பையில் போடுகிறார்கள். பிரெஞ்சில் பிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் ஒரே சொல், ‘பூஜி’. மெழுகுவர்த்தித் திரியைப் போலவே பிளக் முனையும் எப்படி எரிந்தது என்று சாட்சி சொல்லும். இளம் பழுப்பு என்றால் நல்ல எரிப்பு. உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் கலவை மெலிவு அல்லது சூடு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். மூன்று பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி மேசையில் வைத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

இனி பெட்ரோல் விஷயம். நம் வண்டிகள் மாறவில்லை, ஊற்றுகிற பெட்ரோல் மாறிவிட்டது. 2022-இல் நூற்றுக்குப் பத்து எத்தனால், 2025-இல் இருபது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு கிலோ வெறும் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ-20-க்குச் சுமார் 13.5 போதும். புது வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை இல்லை. வெறும் பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட் பழைய அளவையே ஊற்றுகிறது, கலவை மெலிகிறது, அது முதலில் தெரிவது நிற்கும்போது ஓடும் ஓட்டத்தில்தான். போதாக்குறைக்கு எத்தனால் டேங்கில் பல வருஷமாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும். வாரம் ஒருமுறை மட்டும் வண்டியை எடுக்கும் நமக்குத்தான் இது அதிகம்.

எத்தனாலுக்குத் தயாரிக்கப்படாத, பத்து சதவீதத்துக்கு மட்டும் சரிசெய்யப்பட்ட கார்களில் இ-20-ஆல் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளில் 20,000 அல்லது 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்றவேண்டி வரலாம், செலவு அதிகமில்லை என்றது. நான் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். 20,000 என்பது எனக்கு ஏழு வருஷக் கணக்கு. ரப்பர் கிலோமீட்டரை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, அது டேங்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நம்முடையது கரும்பு மாவட்டம். கரும்புக்காரருக்கு நாலு காசு வருவதை நான் ஏன் எதிர்க்கப் போகிறேன்? பழைய வண்டிக்காரனுக்கு ஒரு குழாயாவது விட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அதற்காக எதற்கெடுத்தாலும் எத்தனால் என்பவர்களையும் நான் நம்பமாட்டேன். அவர்களும் ‘வயசாச்சு’ கோஷ்டியின் பங்காளிகள்தான். சோதிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். தலைமையாசிரியர் வண்டியின் தொப்பி எத்தனாலால் வெடித்ததா, வெயிலால் வெடித்ததா என்று யாரும் நிரூபிக்க முடியாது. எங்கே வெடித்தது என்று மட்டும் விரலால் கண்டுபிடிக்க முடிந்தது.

அரசு அலுவலகத்தில் இருநூறு ரூபாய் செலவுக்குக்கூட ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நாம் எல்லோரும் வாழ்நாள் பூராவும் அதை நிரப்பியவர்கள்தானே? பட்டறை பில்லிலும் அதைக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, எந்தச் சோதனையில் அது கெட்டது என்று தெரிந்தது என ஒரு வரி எழுதித் தரட்டும். கழற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் போட்டுக் கொடுக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மாற்ற வேண்டும்; மாற்றியதும் ஓட்டிக் காட்ட வேண்டும். முகம் சுளித்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு சிலிண்டர் எரியாமல் ரொம்ப தூரம் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இன்ஜின் ஆயிலில் இறங்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை போகவேண்டாம், பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தால் அவரிடம் நிறுத்துங்கள்.