செம்பருத்தியைத் தின்னும் வண்டு... கையால பிடிச்சிடாதீங்க!

ஐப்பசியில் ரெண்டு மழை பெய்துவிட்டால் போதும், தூத்துக்குடி வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு விருந்தாளி வந்துவிடும். கறுப்பு உடம்பு, குறுக்கே ஆரஞ்சுப் பட்டைகள், கிட்டத்தட்ட ஒரு அங்குல நீளம். காலையில் பூத்த செம்பருத்தியை மதியத்துக்குள் கந்தலாக்கிவிடும்.

அதைப் பிடிக்கப்போன பேரனை எதிர்வீட்டு ஆச்சி, "ஏலே, தொடாதலே... கொப்புளிச்சிரும்!" என்று அதட்டினார். ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதன் பெயரே கொப்புள வண்டு!

பொதுவாக வண்டுகளின் முன்சிறகு ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். இதற்கோ தோல் போல மெத்தென்றிருக்கும். அந்தக் குறையை விஷத்தால் ஈடுகட்டுகிறதோ என்னவோ, சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவம் கசியும். அதிலிருப்பது கேந்தாரிடின். தோலில் பட்டதும் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். இன்னொரு சுவாரஸ்யம்... ஆண் வண்டு இணைசேரும்போது இந்த விஷத்தைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கிறது. முட்டைகளுக்கு அதுதான் காவல்!

1810-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் ராபிகே இதைப் பிரித்தெடுத்துவிட்டார். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வைரஸ் பருக்களுக்கு டாக்டர்கள் தடவும் மருந்தாக, 2023-ல் அமெரிக்கா இதை அங்கீகரித்தது.

நமக்குச் செம்பருத்தி போனால் ஒரு பூ. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசலில் மானாவாரியாக உளுந்து, பாசிப்பயறு போட்டவர்களுக்கு அப்படியில்லை. வண்டு தின்பது பூவை; பூ போனால் காய் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மருந்தடித்தால், அதே பூவுக்கு வரும் தேனீக்களும் சாகும். இதன் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்பவை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வண்டு குறைவாக இருந்தால், கையுறை போட்டு, வலையால் பிடித்து, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவதே என் ஓட்டு. வேலை அதிகம்தான்.

தப்பித்தவறி மேலே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கவே கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைதான்.

ஆச்சி இப்போதெல்லாம் விடிந்ததும் பூவைப் பறித்து சாமிக்கு வைத்துவிடுகிறார். வண்டு வரும்போது செடியில் மொட்டுதான் மிச்சம்.