மூடாக்கு போட்டா வேலையே இல்லையாமே!

"கொத்தவே வேணாம் சார். கிழங்கை மண்ணு மேல வெச்சு வைக்கோலைப் போட்டு மூடுங்க, நாலு மாசத்துல அள்ளுங்க." இந்த உபதேசத்தை அப்படியே நம்பினவன் எழுதுறேன், கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

கோத்தகிரியில வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு பாத்தி இருக்கு. போன ஆகஸ்ட்ல, முளை விட்ட உருளைக்கிழங்கை ஓரடிக்கு ஒண்ணா வெச்சு, முக்கால் அடி உயரத்துக்கு வைக்கோல் போட்டேன். முறை ஒண்ணும் பொய்யில்லை. அமெரிக்காவுல ரூத் ஸ்டவுட்னு ஒரு அம்மா இந்த மூடாக்கு வித்தையை 1955லயே புத்தகமா போட்டுட்டாங்க. எனக்கும் களை வரலை, மண்ணு காயலை. பெருமை தாங்கலை போங்க!

அக்டோபர்ல மழை பிடிச்சுது. ஒரு ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஓடில்லா நத்தைங்க கல்யாணப் பந்தி மாதிரி வரிசையா உக்காந்திருக்கு. இருட்டு, ஈரம், சாப்பாடு... மூணையும் ஏற்பாடு பண்ணது நான்தானே!

கடையில மெட்டால்டிஹைடு குருணை குடுத்தாங்க. தூவிட்டுத் திரும்பினா, எங்க நாய் மணி அதை மோந்துக்கிட்டு நிக்கிறான். நாய் தின்னா வலிப்பு வந்து உயிரே போயிடும். வயித்தைக் கலக்கிடுச்சு. ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்தேன். உப்பு தூவலாம்னாங்க. நத்தை சாகும், கூடவே மண்ணும் கெடும்.

கடைசியில கை கொடுத்தது ஈரச் சாக்குதான். சாயங்காலம் பாத்தி ஓரத்துல விரிச்சு, காலையில புரட்டினா அடியில கூட்டமா ஒட்டியிருக்கும். வழிச்சு சோப்புத் தண்ணியில போட வேண்டியதுதான்.

என் கட்சி இதுதான்: மூடாக்கு வேலையைக் குறைக்காது, மண்வெட்டியில இருந்து டார்ச்சுக்கு மாத்தும். அதையும் பருவம் பார்த்துத்தான் போடணும். நீலகிரியில ஜனவரி, பிப்ரவரியில போடுற பாசனப் பயிருக்கு கனமான மூடாக்கு வரம். மழைக்கால பயிருக்கு மண்ணே அணைச்சிடுங்க. வைக்கோலைச் சும்மா மெலிசாக்கினா போதாது. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாயிடும், சோலனின் ஏறிடும், திங்கக் கூடாது.

மூணு கிலோ விதைக்கு பதினோரு கிலோ கிடைச்சுது. பாதி ஓட்டை. "டார்ச் செல்லுக்கு செலவழிச்ச காசுக்கு சந்தையிலயே வாங்கியிருக்கலாம்"னு வீட்டம்மா தீர்ப்பு சொல்லியாச்சு.

இருக்கட்டும். ஜனவரியில வேற பாத்தியில மறுபடியும் போடுவேன். மருந்து மட்டும் கிடையாது. மணி வழக்கம்போல பாத்தி ஓரத்துலயே படுத்துக்கட்டும் :)