கற்சுவர் காக்குமா?

நம் சங்க அறையில் மாலைதோறும் சதுரங்கப் பலகையைச் சுற்றிக் கூடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வந்து சேரும் தம்பியருக்குக் ‘கற்சுவர்’ ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதில் பாதியைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மறுபாதியையும் சொல்லுங்கள்; இல்லையேல் கற்பிக்கவே வேண்டாம். இது என் கட்சி. குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

கற்சுவர் இன்னதென்று அறியாதார்க்குச் சொல்வேன். வெள்ளைக் காய்களை ஆடுபவர் சிப்பாய்களை டி4, இ3, எஃப்4, சி3 கட்டங்களில் நிறுத்துகிறார். பிஷப் டி3-இல். குதிரை ஒன்று எஃப்3 வழியாக இ5-இல் ஏறி அமர்கிறது. இரு சிப்பாய்கள் அதற்குக் காவல். பிறகு எதிரி ராஜாவின் மேல் படையெடுப்பு! எச்7-இல் பிஷப்பைப் பலியிட்டு ராணியை எச்5-க்கு அனுப்பும் இன்பத்தை ஒருமுறை சுவைத்தவர் மறக்கமாட்டார். 1895-இல் ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் முதலிடம் பெற்ற அமெரிக்கர் பில்ஸ்பரி, இ5 குதிரையும் எஃப்4 சிப்பாயும் கைகோத்த தாக்குதலுக்குத் தம் பெயரையே விட்டுச் சென்றார்.

எதிரி எதை ஆடினாலும் நாம் இதையே ஆடலாம் என்பதுதான் கவர்ச்சி. நம் விடுதிச் சாம்பாரைப் போல, என்றும் ஒன்றே. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, புத்தகம் புரட்டாமல் பத்து நகர்வு ஆடலாம் என்றால் கசக்குமா? ஈராண்டு ஆடினேன். பிறர்க்கும் கற்பித்தேன்.

சென்ற பருவத்தில் விடுதிகளுக்கிடையே நடந்த போட்டியில் நான் பழக்கிய முதலாண்டுத் தம்பி ஒருவன் ஆடினான். எதிரி இரண்டாம் நகர்விலேயே பிஷப்பை எஃப்5-க்குக் கொணர்ந்துவிட்டான். அப்போதே சுவரை மறந்து, சிப்பாயை சி4-க்குத் தள்ளி, ராணியை பி3-க்கு அனுப்பியிருக்க வேண்டும். தம்பியோ நான் சொன்ன வரிசையிலிருந்து இம்மியும் பிசகவில்லை. தாக்குதலின் உயிரான டி3 பிஷப் வெட்டுப்பட்டது. பின்னர் எதிரியின் குதிரை இ4-இல் வந்து குந்தியது. அதை விரட்டச் சிப்பாய் ஏது? டி, எஃப் சிப்பாய்கள் தாண்டிப் போய்விட்டன; சிப்பாய் பின்வாங்காதே! சுவரின் நான்கு சிப்பாய்களும் கறுப்புக் கட்டத்தில் நிற்க, அதே நிறத்தில் நடக்கும் சி1 பிஷப் கடைசிவரை பிறந்த வீட்டிலேயே சிறையிருந்தது.

“அண்ணா, நீங்க சொன்ன மாதிரிதானே ஆடினேன்?” என்றான். எனக்கு நா எழவில்லை.

சுவரே பழுது என்று நான் வாதிடவில்லை. 2015-இல் பேடன்-பேடனில் கார்ல்சன் கறுப்புக் காய்களோடு இதே சுவரை எழுப்பி நம் ஆனந்தை வென்றார். கறுப்புக்கும் இது உண்டு. டச்சுத் தடுப்பின் ஒரு கிளை. சிறைப்பட்ட பிஷப்பையும் டி2, இ1 வழியாக எச்4-க்கு மீட்கலாம். மூன்று நகர்வு பிடிக்கும். அதற்கு எதிரி இடந்தருகிறானா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்வையைத்தான் நாம் கற்பிக்கவில்லை.

வரும் சனிக்கிழமை மாலை அந்தத் தம்பி வெள்ளையில் ஆடுவான். நான் கறுப்பில் அமர்ந்து, இரண்டாம் நகர்வில் பிஷப்பை எஃப்5-இல் வைப்பேன். வேடிக்கை பார்க்க வாருங்கள், வாய்மட்டும் திறவாதீர்.