கட்டிலின் இருபுறமும்

முதியோர் இல்லமொன்றின் பொறுப்பை அண்மையில் ஏற்றுள்ள வாசகி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவ்வில்லத்தில் 40 முதியவர் வாழ்கின்றனர். அவர்களுள் 11 பேர் படுக்கையைவிட்டுத் தாமாக எழ இயலாதவர். பராமரிப்புப் பணிக்கு 14 பெண்கள் இருக்கின்றனர். "ஒவ்வொருவரும் தனித்தனியே நல்லவர்கள்தாம். சேர்ந்து செய்யச் சொன்னால் மட்டும் பிணக்கு வந்துவிடுகிறது. அன்பைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், கண்டித்தும் பார்த்தேன். ஒரு வாரம் ஒழுங்காய் இருக்கிறது, மறுவாரம் பழையபடியே. என்ன செய்வது?" என்று கேட்கிறார். இம்மாதம் இப்பக்கத்தை அக்கேள்விக்கே ஒதுக்கினோம். இத்தகைய இல்லங்களில் பணிபுரியும் பெண்கள் நம் வாசகர் குடும்பங்களில் பலர். பெற்றோரையோ அத்தையையோ அங்குச் சேர்த்திருப்போரும் பலர். ஆகவே இது ஒருவருடைய கேள்வியன்று.

மருத்துவர் வாரத்திற்கொருமுறை வந்து போவார். பயிற்சி பெற்ற செவிலியர் மருந்து கொடுப்பார், ஊசி போடுவார், இரத்த அழுத்தம் பார்ப்பார். முதியவரின் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடைமாற்றி, மலசலம் எடுத்து, நகம் வெட்டி, புரட்டிப் படுக்க வைப்போர் 'ஆயா' என்று நாம் எளிதில் அழைத்துவிடும் உதவியாளரே. அமெரிக்க நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பராமரிப்பு இல்லங்களில் இப்பணிக்கு வருவோர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற வேண்டுமென விதித்தது. நம் இல்லங்கள் பலவற்றிலோ, புதிதாய் வந்தவர் முன்னமே இருப்பவரைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறார். எனவே ஒருவருடைய பழக்கம், நன்றாயினும் தீதாயினும், அடுத்தவருக்குப் பாடமாகிவிடுகிறது.

இப்பெண்களின் பிணக்கு எங்கே போய் விழுகிறது என்பதை முதலில் காண்போம். அது பொறுப்பாளரின் அறையில் விழுவதில்லை. படுத்திருக்கும் முதியவரின் முதுகில் விழுகிறது.

அசையாது படுத்திருப்பவரின் உடற்பாரம் முழுவதும் இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு ஆகிய சில இடங்களில் அழுந்துகிறது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் தசைக்குக் குருதி செல்வது தடைப்படுகிறது. முதலில் தோல் சிவக்கும். மாநிறத்தாருக்கும் கறுத்த மேனியருக்கும் சிவப்பு தெரியாது, அவ்விடம் கறுத்தோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். அதைக் கவனியாது விட்டால் தோல் பிரியும். பின் தசை அழுகி எலும்பு வரை குழி விழும். இலண்டனில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1962-இல் வெளியிட்ட நூல், முதியோர்க்கு வரும் படுக்கைப்புண்ணைத் தடுப்பதற்கு அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தலே தலையாயது என்பதைச் செவிலியர் உலகிற்கு உணர்த்திற்று. இரண்டு மணிக்கொருமுறை என்னும் வழக்கம் பரவலாக நிலைபெற்றது. மெத்தையையும் நோயாளியின் நிலையையும் பொறுத்து இன்று அந்த இடைவெளி மாறுபடலாம். சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டோ பவுடரோ இட்டு அழுந்தத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். நலிந்த தசையை அது மேலும் நசுக்கும்.

இப்போது நம் வாசகியின் கேள்விக்கு வருவோம். ஒரு முதியவரைச் சரிவரப் புரட்ட இருவர் வேண்டும். உடலின்கீழ் குறுக்காக விரித்த துணியைக் கட்டிலின் இருபுறமும் நின்று பிடித்து, ஒரே வேளையில் தூக்கி நகர்த்த வேண்டும். ஒருவரே செய்தால் தூக்க இயலாது; இழுக்கத்தான் இயலும். இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நகர்கிறது. அந்த ஓர் இழுப்பில், புண் வராமற் காக்கச் செய்த வேலையே புண்ணுக்கு வித்தாகிவிடுகிறது. இழுத்தவரின் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. "அவளைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை, நானே பார்த்துக்கொண்டேன்" என்று ஒரு பெண் கூறுவாராயின், அதைச் சுறுசுறுப்பு என்று பொறுப்பாளர் பாராட்டலாகாது.

பிணக்கின் வேர் பெரும்பாலும் குணத்தில் இல்லை. வேலையைப் பங்கிட்ட முறையில் இருக்கிறது. இதில் நமக்கு உறுதியான கருத்துண்டு. பாரமான முதியவர் நால்வர் ஒரே வரிசையில் இருக்க, அவ்வரிசை எப்போதும் ஒருவருக்கே வருமானால், அவர் புனிதராயினும் முணுமுணுப்பார். ஆகவே கட்டில்களை எண்ணிப் பங்கிடுதல் போதாது, பாரத்தை எண்ணிப் பங்கிட வேண்டும். தாமே உண்பவர் இருவரும் ஊட்ட வேண்டியவர் ஒருவரும் வேலையில் சமமாகலாம். இக்கணக்கைப் பொறுப்பாளர் தனியே அறையில் அமர்ந்து போடாமல், அப்பெண்களை வைத்துக்கொண்டே போடுவது நலம். எந்தப் பாட்டி ஊட்டும்போது வாயைத் திறக்க முக்கால் மணியாகும் என்பது அவர்களுக்கன்றோ தெரியும்!

சில இல்லங்களில் வேறொரு முறை உண்டு. ஒருவர் அனைவரையும் குளிப்பாட்டுவார்; ஒருவர் அனைவர்க்கும் ஊட்டுவார்; ஒருவர் துணிமாற்றுவார். வேலை விரைவில் முடிகிறது என்பது மெய்யே. ஆயினும் எந்தப் பாட்டியையும் முழுமையாக அறிந்தவர் எவருமிலர். இசபெல் மென்சீஸ் என்பார் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து 1960-இல் எழுதிய கட்டுரையில், நோயாளியைப் பெயரால் அழையாது கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடும் வழக்கத்தை எடுத்துக்காட்டினார். துன்பத்தையும் சாவையும் அருகிலிருந்து காணும் கலக்கத்திலிருந்து தப்பவே வேலை இவ்வாறு துண்டு துண்டாக்கப்படுகிறது என்பது அவர் முடிவு. கல்நெஞ்சம் என்று அதனை எளிதில் இகழ்ந்துவிட வேண்டாம். ஆனால் அம்முறையை மாற்ற வேண்டும். இருவர் இருவராக இணைத்து, ஒவ்வோர் இணையினரிடமும் குறிப்பிட்ட சில முதியவரைச் சில மாதங்களுக்காவது ஒப்படைத்தால், அறிமுகம் வளரும். பழகியவரையும் புதியவரையும் இணைப்பது பொதுவாக நன்று. நெடுநாள் பகைகொண்ட இருவரை இணைத்துத் திருத்த முயல்வது நன்றன்று. அச்சோதனைக்குப் பாட்டியின் முதுகு களமாகலாகாது.

அறிமுகத்தின் பயன் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், முதியவரிடம் தென்பட்ட மாற்றத்தை உதவியாளர்கள் குறித்து வைத்த நாளும், நோய்க்குறி மருத்துவக் குறிப்பேட்டில் ஏறிய நாளும் ஒப்பிடப்பட்டன. உதவியாளர் சராசரியாக 5 நாள் முந்தியிருந்தனர். வழக்கத்தைவிடப் பேச்சுக் குறைந்தது, சோற்றைத் தள்ளிவைத்தார், எழுந்து நிற்க இன்று கூடுதலாய்க் கை கொடுக்க வேண்டியிருந்தது என்பன போன்ற சிறிய செய்திகளே இத்தகைய முன்னறிவிப்புகள். முதுமையில் சிறுநீர்த்தொற்றோ நுரையீரல் தொற்றோ காய்ச்சலின்றியே வரக்கூடும். முதற்குறி மனக்குழப்பமாகவோ உணவு வெறுப்பாகவோ இருக்கும். "பாட்டிக்கு இன்னிக்கு என்னமோ போல இருக்கு, சிஸ்டர்" என்று ஓர் உதவியாளர் வந்து நிற்கும்போது, "என்னமோ என்றால் என்ன? ஒழுங்காய்ச் சொல்" என்று அதட்டி அனுப்பும் செவிலியர், அந்த ஐந்து நாளையும் தம் கையாலேயே தூக்கி எறிகிறார். அதட்டப்பட்டவர் மறுமுறை வாய் திறவார். அவரைக் கண்டு மற்றவரும் திறவார். நாம் கூட்டுப்பணி என்பது அப்பெண்கள் தமக்குள் கூடுவது மட்டுமன்று. மேலிருப்போர் அவர்களோடு கூடுவதும் அதிலடங்கும்.

பணிமுறை மாறும் நேரமே பிணக்கு மிகுதியாய் முளைக்கும் நேரம். "இராத்திரி டியூட்டிக்காரர்கள் ஒன்றுமே செய்யவில்லை", "பகலில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் எங்கள் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள்" என்னும் இரு வாக்கியங்களைக் கேளாத இல்லம் இல்லை. ஒரு குழு வாசலை விட்டிறங்கும்போது மறு குழு உள்ளே நுழைந்தால் வேறென்ன விளையும்? கால் மணி நேரம் இரு குழுவும் ஒருங்கே இருக்குமாறு நேரத்தை அமைத்து, அந்தக் கால் மணிக்கும் கூலி கொடுத்து, கட்டில் கட்டிலாய் நடந்து ஒப்படைக்கச் செய்ய வேண்டும். யார் உண்டார், யாருக்கு மலம் போகவில்லை, யார் குதிகாலில் நிறம் மாறியிருக்கிறது, யார் இரவெல்லாம் மகனைத் தேடி அழுதார் என்பதை அங்கேயே, முதியவருக்கு வணக்கம் கூறிவிட்டு, பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். மறைவாய்ச் சொல்ல வேண்டியவற்றை மட்டும் வெளியே வந்து சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் இருப்பின், கட்டமிட்ட தாளில் அடையாளம் இடக் கற்பிக்கலாம். அதற்காக எவரையும் மட்டமாய் எண்ணுதல் கூடாது.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். மலத்துணி எடுப்பதும் கழிவறை கழுவுவதும் சில இல்லங்களில் யாரும் ஆணையிடாமலே குறிப்பிட்ட சில பெண்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று விசாரித்தால் காரணம் விளங்கும். பொறுப்பாளர் அதைக் காணாதவர்போல் இருந்தால், ஒற்றுமையைப் பற்றி அவர் பேசும் பேச்சுக்கு மதிப்பிராது. இவ்வேலைகளை அட்டவணையில் பெயரிட்டு எல்லார்க்கும் முறைவைத்துப் பங்கிட வேண்டும். பொறுப்பாளரே கையுறை அணிந்து ஒருநாள் முன்நின்றால் அட்டவணைக்கு வலுவேறும்.

கூலியைப் பற்றியும் ஒரு சொல். சேவை என்னும் உயர்ந்த பெயரைச் சொல்லி, வார ஓய்வையும் மிகைநேரக் கூலியையும் மறுக்கும் இல்லங்கள் உள்ளன. பொங்கலுக்கோ கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ இருவர் வாராதிருந்தால், மீதிப்பேர் இரட்டைப் பாரம் சுமக்கின்றனர். சுமந்தவர்க்கு ஒரு வேளைச் சாப்பாடுகூட மிகையாய்க் கிடைக்காதபோது, வாராதவர்மேல் வரும் சினம் இயற்கையே. விழா விடுப்பை இரண்டு மாதம் முன்னரே அனைவரும் அறியச் சீட்டுப்போட்டு ஒதுக்குவது, ஆயிரம் அறிவுரையினும் மேல்.

புனித ழான் ஜூகான் 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சேன்-செர்வான் நகரில், பார்வையற்ற முதியவளான ஆன் ஷோவேன் என்பாரைத் தம் இருப்பிடத்திற்குக் கொணர்ந்து தம் படுக்கையைக் கொடுத்த வரலாற்றை நம்மில் பலர் அறிவர். அதைத் தனியொருத்தியின் செயலாகவே பெரும்பாலும் சொல்கிறோம். அதே இருப்பிடத்தில் பிரான்சுவாஸ் ஓபேர் என்னும் மூதாட்டியும், விர்ஜினி திரெதானியேல் என்னும் இளம்பெண்ணும் உடனிருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வது வரலாற்றுக்கு நேர்மை. தொடக்கமே மூவர் வேலைதான்.

இனி, இல்லத்தில் பெற்றோரை விட்டிருக்கும் நம் வாசகர்களிடம் ஒன்று கூற விழைகிறோம். பார்க்கப் போகும்போது ஓர் உதவியாளரை மட்டும் தனியே அழைத்து, கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "எங்க அம்மாவைக் கொஞ்சம் நல்லாப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வருவது நம்மிடையே பரவலான பழக்கம். நோக்கம் பிள்ளைப் பாசம், விளைவோ வேறு. மறுநாள் முதல் அந்தத் தாய் மற்ற 13 பேர்க்கும் 'உன் பாட்டி' ஆகிவிடுகிறார். பணம் பெற்றவருக்கு விடுமுறை வரும் நாளில் அவரைப் புரட்ட வருவோர் இலர். வந்தாலும் மறுபுறம் நின்று துணியைப் பிடிக்க மற்றொருவர் வாரார். பணம் பெறாத குடும்பத்து முதியவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கொடுக்க மனமிருப்பின் பொதுப் பெட்டியில் இடுங்கள். விழா நாளில் இரவுப் பணியாளர், சமையலார், துணி வெளுப்போர் உட்பட அனைவர்க்கும் அது பங்காகட்டும். பணத்தினும் பயன்தரும் கொடை ஒன்றுண்டு. உங்கள் தாய்க்குப் பிடித்த பாட்டு எது, எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குவார், யாருடைய பெயரைக் கேட்டால் அமைதியாவார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே வையுங்கள். எல்லார்க்கும் அது உதவும்.

மடல் எழுதிய வாசகிக்கு: அனைத்தையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். அந்த 11 கட்டில்களின் கால்மாட்டிலும் ஒரு தாளைக் கட்டுங்கள். புரட்டிய மணியையும், எந்தப் பக்கம் என்பதையும், புரட்டிய இருவர் பெயரையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே பெயர் இருக்கும் வரிகளைக் கண்டால் தண்டிக்க முனையாதீர்கள். அந்த நேரத்தில் மற்றவர் எங்கே நின்றார், ஏன் வர இயலவில்லை என்று இருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். பல வேளைகளில் விடை, அந்நேரத்தில் ஆள் போதவில்லை என்பதாகவே இருக்கும். அப்போது அத்தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் நிருவாகக் குழுவிடம் செல்லலாம்.

இரவுப் பணியைப் பற்றி அடுத்த இதழில் எழுத எண்ணியுள்ளோம். அப்பணியில் இருப்போர் தம் அனுபவங்களை இம்மாத இறுதிக்குள் எழுதியனுப்பினால் நன்றியுடையோம். பெயர் வெளியிட விரும்பாதவர் அதைக் குறிப்பிட்டு எழுதுக.