ஊமைக் காயம்

நமது நாட்டுப் போலீஸ் ஸ்டேஷன்களின் குளியலறையைப் போல் வழுக்குகின்ற இடம் உலகத்தில் வேறெங்கும் இராது போலிருக்கிறது. அங்கே போலீஸார் எவரும் விழுந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கைதிகள் மட்டுமே விழுகிறார்கள். விழுந்தவனுக்குக் கை முறிகிறது. மறுநாள் மாவுக்கட்டுடன் பத்திரிகையில் அவன் படம் வருகிறது. நல்ல மனிதர்கள் பலர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அயோக்கியனுக்கு வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

கை முறிவதோடு காரியம் எப்போதும் நின்றுவிடுவதில்லை. சில சமயம் உயிரே போய்விடுகிறது. அப்போதும் காகிதத்தில் ஒரு காரணம் தயாராக இருக்கும். 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி, தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனாரையும் அவர் மகனையும் போலீஸார் கைது செய்தார்கள். அவ்விருவரும் தாமாகவே தரையில் உருண்டு புரண்டார்கள் என்றும், அதனால் ஊமைக் காயம் உண்டாயிற்று என்றும் முதல் தகவல் அறிக்கையில் எழுதினார்கள். 22-ந் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் விடியற்காலையில் தகப்பனாரும் போய்விட்டார். தரையில் உருண்டதனால் அடுத்தடுத்து இருவர் இறந்த வரலாற்றை அதற்கு முன் நாம் கேட்டதில்லை.

ஊமைக் காயம் என்பது நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் இவ்விஷயத்தில் காயம் ஊமையாயிருக்கவில்லை. அதைக் கேட்கவேண்டிய காதுகள்தாம் வெகுநேரம் அடைத்திருந்தன. ஆஸ்பத்திரியில் சான்று கொடுத்தார்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்டு உத்தரவில் கையெழுத்திட்டார். கோவில்பட்டி கிளைச் சிறையில் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று வாசல்களையும் கடந்துதான் அவ்விருவரும் சாவை அடைந்தார்கள்.

ஒரு வீட்டில் கொலை நடந்தால் போலீஸார் வந்து கதவைப் பூட்டி, மகஜர் எழுதி, ரத்தம் தோய்ந்த துணியைக் கைப்பற்றி, பக்கத்து வீட்டாரை விசாரிப்பார்கள். கொலை ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்தால் என்ன செய்வது? இடம் அவர்களுடையது, தடி அவர்களுடையது, இன்ன மணிக்கு இன்னாரைக் கொண்டுவந்தோம் என்று எழுதும் டைரியும் பேனாவும் அவர்கள் கையில். சாட்சிகளோ அவர்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். யார் மேல் சந்தேகமோ அவர் வசமே தடயம் முழுவதும் இருப்பது வேறு எந்தக் குற்றத்திலும் இல்லாத விசித்திரம். இதை உத்தேசித்தே 1985-ல் சட்டக் கமிஷன் தனது 113-வது அறிக்கையில் ஒரு யோசனை சொல்லிற்று. காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே உண்டாக்கினார் என்று கோர்ட்டார் அனுமானித்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கும்படி கூறியது. சேர்க்கவில்லை. 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தை அகற்றி 2024 ஜூலையில் புதிய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தபோதும் அந்தப் பிரிவுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகவே, காவல் மரணத்தில் உண்மை வெளிவருவதும் வராததும் முதல் சில தினங்களில் தடயம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. சாத்தான்குளத்தில் மதுரை ஐகோர்ட் கிளை, எவரும் மனுப் போடும்வரை காத்திராமல் தானாகவே தலையிட்டது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஒருவர் ஜூன் 28-ந் தேதி நேரில் ஸ்டேஷனுக்குப் போனார். மாஜிஸ்திரேட் வந்தால் எழுந்து நிற்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே அவருக்கு ஒத்துழைப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. கேட்ட தஸ்தாவேஜுகளைக் கொடுப்பதில் இழுத்தடித்தார்கள்; ஒரு போலீஸ்காரர் அவரை ஏகவசனத்தில் இழிவாகப் பேசினார். காமிராப் பதிவைத் தேடியபோது, சம்பவ தினத்துப் படம் ஒன்றுமே இல்லை. நிறையப் படங்களைச் சேமிக்கக்கூடிய பெட்டிதான் அது. ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பது எங்கள் தொழிலில் உண்டு. வருகைப் பதிவேட்டைத் துடைப்பதில்லை.

மாஜிஸ்திரேட்டின் அறிக்கையைப் படித்த ஐகோர்ட் அபூர்வமான ஒரு காரியம் செய்தது. போலீஸ் ஸ்டேஷனை ரெவின்யூ அதிகாரிகளின் பொறுப்பில் ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. தடயம் முதல் தடவையாகச் சந்தேகத்துக்குரியவர்களின் கையைவிட்டு அகன்றது அப்போதுதான். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சாட்சியம் பெட்டியிலும் இல்லை, டைரியிலும் இல்லை. அந்த ஸ்டேஷனில் அன்றிரவு வேலையிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சி அஞ்சி வாய் திறந்தார். இரவெல்லாம் அடித்தார்கள் என்றும், தடிகளிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்றும் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக ஊழியர்கள் நின்றுகொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து அதைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவருக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி ஐகோர்ட் உத்தரவிட நேர்ந்தது. போலீஸாரிடமிருந்து காப்பாற்றப் போலீஸ்காரிக்குப் பாதுகாப்பு! இலாகாவில் நல்லவர்களே இல்லை என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும். பிறகு வழக்கு மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கும், அங்கிருந்து மத்திய புலனாய்வுத் துறைக்கும் போயிற்று.

அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1854-ல் கும்பினி ஸர்க்கார் சென்னை ராஜதானியில் சித்திரவதையைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் நியமித்தது. ஜனங்கள் வெகுதூரம் நடந்து வந்து அதன் முன் முறையிட்டார்கள். 1855-ல் வெளியான அறிக்கையில் இரண்டு தமிழ்ப் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று கிட்டி: விரலையோ உடம்பின் வேறு பாகத்தையோ இரு கட்டைகளின் நடுவே வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்துக்கும் கால் விரலுக்குமாகக் கயிற்றைப் பூட்டி ஆளைக் குனிய வைத்து விட்டுவிடுவது. இந்த இரண்டாவது பெயர் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் தண்டனைப் பட்டியலிலும் உண்டு என்பதை உபாத்தியாயர் என்ற முறையில் வெட்கத்துடன் குறிப்பிடுகிறோம். வரி பாக்கிக்கும் அடி, திருட்டுக்கும் அடி. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் போலீஸ் இலாகாவைத் திருத்தி அமைத்தார்கள். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதியும் பின்னால் சட்டத்தில் ஏறியது.

அந்த விதியின் நியாயம் எந்த வாத்தியாருக்கும் தெரியும். பிரம்புக்குப் பெயர்போன ஒரு சக உபாத்தியாயரின் பேனா ஒருநாள் காணாமற்போயிற்று. சாயங்காலத்துக்குள் மூன்று பையன்கள் தனித்தனியே "நான்தான் எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டார்கள். பேனா மேஜை இழுப்பறையில் கிடந்தது.

ஆனால் சட்டம் ஒரு கதவை மூடிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தது. கைதி சொன்ன வார்த்தையைக் கொண்டு ஒரு பொருள் அகப்பட்டால், அந்த அளவுக்கு அவன் வார்த்தை செல்லும் என்று விதி இருக்கிறது. நகை திருட்டுப்போன வழக்குகளில் தடி ஏன் சீக்கிரம் வெளியே வருகிறது என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரம் காளி கோயிலில் காவல் வேலை பார்த்த ஓர் இளைஞரைக் காணாமற்போன நகைக்காகப் பிடித்தார்கள். அவர் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள் எண்ணப்பட்டன. அவரை ஸ்டேஷனுக்கு வெளியே அடித்தார்கள். கோயிலை அடுத்த மாட்டுக் கொட்டகைப் பக்கத்தில் அடித்ததை ஒருவர் ஒளிந்திருந்து கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். ஸ்டேஷனில் காமிரா வைத்தால் அடி கொட்டகைக்குப் போய்விடுகிறது! அந்தப் படம் இல்லாவிட்டால் வழக்கு எந்தத் திசையில் போயிருக்குமோ?

மடப்புரத்துக்கு மதுரை சமீபந்தான். அந்த ஊரில்தான் ஒரு சிலம்புக்காகக் கோவலனை விசாரணையின்றி வெட்டினார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலரில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்ததாகவும், கல்வியறிவில்லாத குடியன் ஒருவன் அதற்குள் வாளை வீசிவிட்டதாகவும் இளங்கோவடிகள் எழுதியிருக்கிறார். வழக்காடிய கண்ணகி அழுததோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கம் இருப்பதை ருசுப்படுத்தினாள். அக்காலத்திலும் ருசுவைக் கொண்டுவரும் பாரம் இறந்தவன் வீட்டார் தலையில்தான் விழுந்திருக்கிறது.

அந்தப் பாரத்தைக் குறைக்க இன்று சில விதிகள் உண்டு. கல்கத்தாவில் சட்ட உதவிச் சங்கமொன்றை நடத்திவந்த டி.கே. பாசு 1986-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் மேல் 1996 டிசம்பரில் பிறந்த தீர்ப்பின்படி, கைது செய்தவுடன் தேதியும் மணியும் குறித்த குறிப்பு எழுதி, வீட்டாரோ உள்ளூர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். காவலில் இருக்கும் வரையில் 48 மணிக்கு ஒரு முறை வைத்தியப் பரிசோதனை நடக்க வேண்டும். காவலில் மரணம் நேர்ந்தால் மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும் என்பது 2006 முதல் சட்டம். மனித உரிமைக் கமிஷனுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். நம் வீட்டுப் பெண்மணிகள் மளிகைக் கணக்கை எழுதுகிற ஜாக்கிரதையோடு, இன்ன மணிக்கு வந்தார்கள், இன்ன வண்டி, இன்னார் பெயர் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்தால், பின்னால் அதன் மதிப்பு ஆயிரம் ரூபாய் வக்கீல் பேச்சுக்குச் சமானம். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது கைதியைச் சட்டையை விலக்கிக் காட்டச் சொல்லும்படி வக்கீலைக் கொண்டு கேட்பதும் நல்லது.

விதிகள் இருந்தும் பலன் என்ன என்பதை ஸர்க்காரின் சொந்தக் கணக்கே கூறுகிறது. தேசியக் குற்றப் பதிவேட்டின்படி 2001 முதல் 2020 வரை இருபது வருஷத்தில் போலீஸ் காவலில் இறந்தவர்கள் 1,888 பேர். போலீஸார் மேல் பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை 358 பேர் மீது. தண்டனை பெற்றவர்கள் 26 பேர்.

காமிரா விஷயத்தில் 2020 டிசம்பர் 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கூறியிருப்பது இது: ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா எல்லா இடத்திலும் படமும் சப்தமும் பதியும் காமிரா இருக்கவேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம், எப்படியும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல், வைத்திருக்கவேண்டும், இதைக் கண்காணிக்க ஜில்லாதோறும் ஒரு கமிட்டி வேண்டும். நமது ஊர் ஸ்டேஷனில் எத்தனை காமிரா இருக்கின்றன, அவற்றுள் எத்தனை வேலை செய்கின்றன, எத்தனை மாதப் பதிவு கையில் இருக்கிறது, ஜில்லாக் கமிட்டி கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எவரும் மனுச் செய்யலாம். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய்.